தங்கமா, தொழிலா? நம் சேமிப்பை வழிநடத்துவது எது?

செல்வம் அல்லாஹ்வின் அருட்கொடை. அது நம் கையில் சில காலம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமும் ஆகும். மறுமை நாளில் அடியான் தன் இடத்தை விட்டு நகருமுன் பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகளில், பொருளைப் பற்றி மட்டும் இரண்டு கேள்விகள் உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். அதை எவ்வழியில் ஈட்டினாய் என்பது ஒன்று. எவ்வழியில் செலவிட்டாய் என்பது மற்றொன்று.

ஈட்டுவதற்கும் செலவிடுவதற்கும் இடையில் ஒரு காலம் இருக்கின்றது. அந்தக் காலத்தில் நம் பொருள் எங்கே தங்கியிருந்தது? யாருக்குப் பயன்பட்டது? இந்தக் கேள்வியை நம்மில் பெரும்பாலோர் நமக்கு நாமே கேட்டுக்கொள்வதில்லை. சம்பாத்தியம் ஹலாலாக இருக்க வேண்டும் என்பதில் கவனமாயிருக்கும் குடும்பங்கள்கூட, சம்பாதித்ததை ஒதுக்கி வைக்கும் இடத்தைப் பற்றிச் சிந்திக்காமலே இருந்துவிடுகின்றன. தாய் தந்தையர் செய்ததை நாமும் செய்கின்றோம். அல்லது அண்டை வீட்டார் செய்வதைப் பார்த்துச் செய்கின்றோம்.

முதலீட்டில் மனிதனுக்கு ஆசை பிறப்பது எதனால்? அந்த ஆசையை மார்க்கம் எந்த அளவுகோலால் அளக்கின்றது? இவ்விரண்டையும் இங்கே ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மனத்தை இழுக்கும் கயிறுகள்

நம் இல்லங்களில் சேமிப்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவு செய்யும் காரணங்கள் பல. அவற்றுள் முதலாவது, வட்டியைப் பற்றிய அச்சம். இது பாராட்டத்தக்க அச்சம். வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கியிருப்பதாக அல்லாஹ் திருமறையில் தெளிவாக்கியுள்ளான் (2:275). இதனால் வங்கியில் நிரந்தர வைப்பாகப் பணத்தைப் போட நம் மக்கள் தயங்குகின்றனர். இந்தத் தயக்கம் ஈமானின் அடையாளம்.

இரண்டாவது, பழக்கம். சபர் சென்ற ஆண்மக்கள் ஊர் திரும்பும்போது தங்கம் கொண்டுவருவதும், பெண் குழந்தை பிறந்த நாளிலிருந்தே தாய் குன்றிமணியளவாகச் சேர்க்கத் தொடங்குவதும் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். இதற்குள் திருமணச் சந்தையின் நெருக்கடியும் கலந்திருக்கின்றது. மஹர் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலியும் நகையும் கேட்கும் கொடுமை ஒழியாத வரையில், பெண்ணைப் பெற்றவர்களின் சேமிப்பு தங்கத்தைத் தவிர வேறு திசையில் போகாது.

மூன்றாவது, அவசரத்துக்கு உதவும் என்ற நம்பிக்கை. நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தாலும், விடிந்ததும் நகையைக் கொடுத்துப் பணம் பெற்றுவிடலாம். நிலத்தை அப்படி விற்க முடியாது. மேலும் குடும்பத்தின் சொத்துக்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே இருக்க, ஒரு பெண் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடியது அவளுடைய நகை ஒன்றுதான். இதையும் நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது.

நான்காவது, தெரிந்தவர் சொன்ன வார்த்தை. மச்சான் சொன்னார், பள்ளியில் முதல் வரிசையில் நிற்பவர் சொன்னார், அவருக்கு மாதாமாதம் பணம் வருகின்றது என்று பணத்தைக் கொடுப்பவர்கள் ஏராளம். ஐந்தாவது, உட்கார்ந்த இடத்தில் ஒரு நிலையான வருமானம் வேண்டும் என்ற விருப்பம். வெளிநாட்டில் உடல் தேய உழைத்துத் திரும்பியவரிடமும், கணவரை இழந்து கொஞ்சம் தொகையை மட்டும் கையில் வைத்திருக்கும் சகோதரியிடமும் இவ்விருப்பம் மிகுதி.

இந்த ஐந்தில் எதுவும் தன்னளவில் குற்றமன்று. ஆனால் ஐந்திலும் ஒன்று குறைகின்றது. அறிவோடு விசாரித்தல் என்பதே அது. மார்க்கச் சட்டம் அறிந்தவரைத் தவிர வேறெவரும் நம் கடைவீதியில் விற்பனை செய்ய வேண்டாம் என்ற கருத்தில் கலீபா உமர் (ரலி) அவர்கள் ஆணையிட்டிருந்தார்கள். விற்பவருக்கே இந்த விதியென்றால், தன் ஆயுட்கால உழைப்பை ஒருவர் கையில் கொடுப்பவருக்கு எவ்வளவு விளக்கம் தேவை!

தங்கம்: பாதுகாப்பும் அதன் விலையும்

தங்கத்தை வாங்குவதும் வைத்திருப்பதும் ஆகுமானது. பெண்கள் அதை அணிவதும் ஆகுமானது. ஆயினும் தங்கத்தைப் பற்றி நம்மிடையே உலவும் இரண்டு எண்ணங்களைச் சரிபார்த்தாக வேண்டும்.

'தங்கம் விலை இறங்காது' என்பது முதல் எண்ணம். உலகச் சந்தையின் வரலாறு வேறு சொல்கின்றது. 1971ஆம் ஆண்டு அமெரிக்க டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பு அறுக்கப்பட்டது. அதுவரை ஓர் அவுன்ஸ் 35 டாலர் என்றிருந்த தங்கம், 1980 ஜனவரியில் ஏறத்தாழ 850 டாலர் வரை ஏறியது. பிறகு இறங்கியது. 1999ஆம் ஆண்டில் 250 டாலரை ஒட்டி நின்றது. ஏறத்தாழ 20 ஆண்டுகள்! அக்காலத்தில் ரூபாயின் மதிப்பும் சரிந்து வந்ததால் நம் நாட்டில் அவ்வீழ்ச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு தங்கம் பன்மடங்கு உயர்ந்தது உண்மை. ஏறுவதும் இறங்குவதும் அதன் இயல்பு என்பதும் உண்மை.

'நகை வாங்கினால் பணம் அப்படியே இருக்கின்றது' என்பது இரண்டாவது எண்ணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 பவுன் நகை வாங்குகின்றோம். செய்கூலி, சேதாரம் இரண்டும் சேர்ந்து 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 3 சதவீதம் வரி. ஆக, 11¾ பவுனுக்கும் சற்று மேலான பணத்தைக் கொடுத்து 10 பவுனைக் கொண்டுவருகின்றோம். மறுநாளே விற்கப் போனால் எடைக்குத்தான் பணம் கிடைக்கும். அணிவதற்கு வாங்கினால் அது அணியும் இன்பத்துக்குக் கொடுத்த விலை. சேமிப்பு என்று எண்ணி வாங்கினால், அது தொடக்கத்திலேயே ஏற்பட்ட நட்டம். சேமிப்புக்காகத் தங்கம் வாங்குவோர் நகையாக வாங்காமல் நாணயமாகவோ கட்டியாகவோ வாங்குவது இதனால்தான் சிறந்தது.

ஜகாத் சொல்லித்தரும் பாடம்

பொன்னையும் வெள்ளியையும் குவித்து வைத்து அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதோருக்குக் கடும் எச்சரிக்கை திருமறையில் வந்துள்ளது (9:34). ஜகாத்தை முறையாகக் கொடுத்துவிட்ட பொருள் அந்த எச்சரிக்கைக்குரிய புதையல் ஆகாது என்று பெரும்பாலான அறிஞர்கள் விளக்கியிருக்கின்றார்கள்.

தங்கத்தின் நிஸாப் 20 மிஸ்கால். இன்றைய எடையில் அதை 85 கிராம் என்றும், சுமார் 87½ கிராம் என்றும் உலமாக்கள் கணக்கிட்டுள்ளனர். ஏறக்குறைய 11 பவுன் என்று நினைவில் கொள்ளலாம். இந்த அளவு ஓராண்டு நிறைவாகத் தங்கியிருந்தால் 40இல் 1 பங்கு ஜகாத் ஆகும்.

அணியும் நகை விஷயத்தில் நம் தமிழகத்து முஸ்லிம்களிடையே இரு மத்ஹபுகளின் தீர்ப்பும் நடைமுறையில் உள்ளது. ஹனபீ மத்ஹபின்படி பெண்கள் அணியும் நகைக்கும் ஜகாத் கடமை. ஷாபிஈ மத்ஹபின் உறுதியான சொல்லின்படி, அணிவதற்கென்றே வைத்திருக்கும், வழக்கத்தை மீறாத, ஆகுமான நகைக்கு ஜகாத் இல்லை. ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கின்றது. அணியும் எண்ணமின்றிச் சேமிப்பாக வைத்திருக்கும் தங்கத்துக்கு ஷாபிஈ மத்ஹபிலும் ஜகாத் உண்டு. வங்கிப் பெட்டகத்தில் பூட்டி, 'எதிர்காலத்துக்கு இருக்கட்டும்' என்று வைத்திருக்கும் நகையை, 'நாங்கள் ஷாபிஈ' என்று சொல்லித் தப்பவைக்க முடியாது. வைத்திருப்பவரின் நிய்யத்தே அதைத் தீர்மானிக்கின்றது. அந்த ஜகாத் நகைக்குரிய பெண்ணின் மீது கடமையேயன்றிக் கணவன் மீதன்று என்பதையும், அவள் சம்மதத்தோடு கணவன் கொடுத்தால் நிறைவேறிவிடும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

இனி, 40 பவுன் சும்மா கிடக்கின்றது என்று கொள்வோம். ஆண்டுதோறும் 40இல் 1 பங்கை அதிலிருந்தே கொடுத்து வந்தால், 10 ஆண்டு முடிவில் சுமார் 31 பவுன் மிஞ்சும். உறங்கும் செல்வத்தைத் தட்டியெழுப்பும் தத்துவம் இதில் அடங்கியிருக்கின்றது. அனாதைகளின் பொருளை ஜகாத் தின்றுவிடாதபடி அதை வியாபாரத்தில் ஈடுபடுத்துங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கூறியுள்ளதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முஅத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். வியாபாரச் சரக்குக்கும் ஜகாத் உண்டுதான். ஆனால் அங்கே இலாபத்திலிருந்து ஜகாத்தைக் கொடுக்க முடியும். உறங்கும் பொன்னில் முதலிலிருந்தே கொடுக்க வேண்டியிருக்கின்றது. செல்வம் செல்வந்தர்களுக்குள் மட்டுமே சுற்றிக்கொண்டிருக்கலாகாது என்ற இறைக் கட்டளையையும் (59:7) இத்தோடு சேர்த்து எண்ணிப் பார்ப்போமாக!

நகைக்கடையில் கவனிக்க வேண்டியவை

வங்கிக்குப் போகாமல் நகைக்கடைக்குப் போனதால் வட்டியிலிருந்து தப்பிவிட்டோம் என்று நினைப்பது சரியன்று. தங்கத்தைத் தங்கத்துக்கு மாற்றும்போது எடைக்கு எடை சமமாகவும் கைக்குக் கை உடனடியாகவும் இருக்க வேண்டும் என்பது நாயகத்தின் (ஸல்) கட்டளை. மட்டமான பேரீச்சம் பழம் இரண்டு படி கொடுத்து உயர்ந்த பழம் ஒரு படி வாங்கி வந்த பிலால் (ரலி) அவர்களிடம், இது வட்டியேயாகும் என்று உணர்த்தி, உம்முடையதை விற்றுவிட்டு அந்தத் தொகையைக் கொண்டு வேண்டியதை வாங்கும் என்று அவர்கள் வழிகாட்டினார்கள். பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை வாங்கும்போதும் இதுவே வழி. பழையதை விற்றுப் பணத்தைக் கையில் பெறுங்கள். பிறகு புதியதை வாங்குங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

நகைச்சீட்டு என்னும் மாதாந்திரத் திட்டத்துக்கு வருவோம். 11 மாதம் நாம் கட்டினால் 12ஆவது மாதத்துக்குக் கடைக்காரர் ஏதேனும் ஒன்று சேர்த்துத் தருகின்றார். அந்தப் பணம் கடையில் கடனாக நிற்கின்றது என்றால், கடனுக்கு மேல் பேசி வாங்கும் நன்மை வட்டியின் வாசலில் நிற்கின்றது. பணம் கட்டிய அன்றே இத்தனை கிராம் தங்கம் வாங்கியாயிற்று என்று எழுதிவிட்டுத் தங்கத்தைப் பல மாதம் கழித்துக் கொடுத்தால், கைக்குக் கை என்ற நிபந்தனை என்னவாயிற்று என்ற கேள்வி எழுகின்றது. காகிதப் பணமும் வட்டி, ஜகாத் விஷயங்களில் தங்கம், வெள்ளியின் சட்டத்தைச் சார்ந்ததே என்று ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, 1986ஆம் ஆண்டு அம்மானில் கூடியபோது முடிவு செய்தது. பஹ்ரைனில் இயங்கும் இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல் அமைப்பும் 2016ஆம் ஆண்டில் தங்க வணிகத்துக்கென்றே விதிமுறை வகுத்து, கையகப்படுத்துதலை வலியுறுத்தியது. நம் துணைக்கண்டத்து ஹனபீ அறிஞர்கள் சிலர் இதில் சலுகை காட்டியிருப்பதும் உண்டு. ஆகவே, சீட்டில் சேருமுன் அதன் நிபந்தனைத் தாளைத் தம் ஊர் ஆலிமிடம் காட்டிக் கேட்டுக்கொள்வதே பேணுதல்.

2015 நவம்பரில் இந்திய அரசு தங்கப் பத்திரத்தை அறிமுகப்படுத்தியபோதும் இதே கவனம் தேவைப்பட்டது. அதன் விலை தங்கத்தோடு ஏறி இறங்கினாலும், முதல் தொகைக்கு ஆண்டுதோறும் நிலையான வட்டி சேர்த்துத் தரப்பட்டது. பெயரில் தங்கம் இருந்தது. அமைப்பில் வட்டி இருந்தது.

உரைகல் எது?

தங்கத்தை உரைகல்லில் உரைத்துப் பார்த்து வாங்கும் நாம், இலாபத்தை எந்தக் கல்லில் உரைத்துப் பார்ப்பது? அதற்கும் மார்க்கம் ஓர் உரைகல்லைத் தந்திருக்கின்றது. 'நட்டம் வந்தால் அது யாருடையது?' என்ற ஒரு கேள்விதான் அந்த உரைகல்.

முஅத்தாவில் வரும் ஒரு நிகழ்ச்சி இதை அழகாக விளக்கும். உமர் (ரலி) அவர்களின் மைந்தர்கள் அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் இருவரும் படையோடு இராக் சென்று திரும்பும் வழியில் பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்தித்தனர். மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப் பணத்தை அவர் அவர்களிடம் கடனாகக் கொடுத்து, அதில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீபாவிடம் சேர்த்துவிட்டு இலாபத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வாறே இலாபமும் கிடைத்தது. உமர் (ரலி) அவர்களோ, படையினர் அனைவருக்கும் இதுபோல் கொடுத்தாரா என்று கேட்டு, முதலோடு இலாபத்தையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்துல்லாஹ் வாய் திறக்கவில்லை. உபைதுல்லாஹ் மட்டும், இந்தப் பணம் குறைந்தோ அழிந்தோ போயிருந்தால் நாங்கள்தானே ஈடு செய்திருப்போம் என்று வாதாடினார். அப்போது அவையில் இருந்த ஒருவர், இதைக் கிராள் ஆக்கிவிடலாமே என்று யோசனை சொன்னார். உமர் (ரலி) அவர்கள் முதலையும் இலாபத்தில் பாதியையும் பொது நிதிக்கு எடுத்துக்கொண்டு, மறுபாதியை மைந்தர்களுக்கு விட்டார்கள்.

கிராள் என்பதே முளாரபா என்றும் வழங்கப்படுகின்றது. ஒருவர் முதல் போடுவார்; மற்றவர் உழைப்பார். இலாபம் வந்தால் முன்பே பேசிய விகிதப்படி பங்கு. உழைத்தவரின் கவனக்குறைவோ மோசடியோ இன்றி நட்டம் வந்தால், முதலாளிக்கு முதலில் இழப்பு. உழைப்பாளிக்கு உழைப்பில் இழப்பு. முஷாரகா என்னும் கூட்டு வணிகத்தில் இருவரும் முதல் போடுவர். நட்டம் அவரவர் முதலின் அளவுக்கேற்பப் பகிரப்படும். கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஏற்றுக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்று வணிகம் செய்ததை நாம் அறிவோம்.

இப்போது நம் ஊர் நடைமுறையைப் பாருங்கள். ஒருவர் வந்து, '5 லட்சம் கொடுங்கள், மாதம் 10,000 ரூபாய் இலாபம் தருகின்றேன், முதல் எப்போது கேட்டாலும் கிடைக்கும், இது வட்டியல்ல, ஹலால்' என்கின்றார். உரைகல்லை எடுங்கள். அவருடைய வியாபாரத்தில் இந்த மாதம் நட்டம் என்றால் 10,000 ரூபாய் வருமா? வரும் என்றால் அது இலாபமன்று. முதலுக்கு உத்தரவாதமும், தொகை நிர்ணயித்த மாத வருமானமும் சேர்ந்துவிட்டால், அதற்கு எந்தப் பெயர் சூட்டினாலும் அது கடனும் வட்டியும்தான். குறிப்பிட்ட தொகையை ஒரு பங்காளிக்கு நிர்ணயித்துவிட்டால் முளாரபா செல்லாது என்பதில் சட்டமேதைகளிடையே கருத்து வேறுபாடில்லை.

இந்த உரைகல்லைப் பயன்படுத்தாததன் விளைவை நம் சமுதாயம் கண்ணீரோடு அனுபவித்திருக்கின்றது. பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம், தங்க வணிகத்தைக் காட்டி, முதலீட்டாளர்களைப் பங்காளிகள் என்று அழைத்து, 'ஹலால் இலாபம்' என்ற பெயரில் மாதந்தோறும் பணம் கொடுத்து வந்தது. 2019 ஜூனில் அது வீழ்ந்தது. நிறுவனர் நாட்டை விட்டுப் போய், அடுத்த மாதம் டெல்லி திரும்பியதும் கைது செய்யப்பட்டார். பல்லாயிரம் பேருடைய பணம் அதில் சிக்கியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகள் திருமணத்துக்கு வைத்திருந்த பணம், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம், விதவையின் கைப்பொருள் எல்லாம் போயின. வட்டிக்கு அஞ்சி வந்தவர்களே அங்கு மிகுதி என்பதுதான் நெஞ்சைச் சுடுகின்றது. அவர்களின் இறையச்சம் உண்மையானது. ஆனால் 'ஹலால்' என்ற சொல்லைக் கேட்டதும் விசாரணையை நிறுத்திவிட்டார்கள்.

நம்பிக்கை எப்படி வளர்ந்தது?

அப்படியானால் முஸ்லிம்கள் துணிந்து முதலிட வழியே இல்லையா? இருக்கின்றது. மலேசிய நாட்டின் அனுபவத்தைக் கவனிப்போம். அங்கே கிராமத்து மக்கள் ஹஜ்ஜுக்காகச் சேர்க்கும் பணம் வட்டியில் கலந்துவிடக் கூடாதென்று, அதைத் தலையணைக்கு அடியிலும் மண்ணுக்கு அடியிலும் மறைத்து வைத்தனர். அல்லது நிலத்தையும் கால்நடையையும் விற்றுவிட்டுப் பயணம் போயினர். திரும்பி வந்தால் பிழைப்புக்கு ஏதும் இராது. பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் 1959ஆம் ஆண்டில் இதற்கொரு திட்டம் வரைந்தார். அதன் பயனாக 1963இல் ஹஜ் சேமிப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அது தாபோங் ஹாஜி என்று புகழ் பெற்றது. எகிப்தில் மித் கம்ர் என்ற ஊரில் அஹ்மத் அந்நஜ்ஜார் அவர்கள் வட்டியில்லாச் சேமிப்பு வங்கியைத் தொடங்கியதும் அதே 1963இல்தான்.

அந்த எளிய மக்களிடம் முதலீட்டு ஆர்வம் எப்படிப் பிறந்தது? அதிக இலாபம் தருவதாகச் சொல்லியன்று. அவர்கள் மனத்தில் ஏற்கனவே இருந்த ஹஜ் என்ற நோக்கமும், வட்டியில்லை என்ற நிம்மதியும், சட்டத்துக்கும் தணிக்கைக்கும் உட்பட்ட ஓர் அமைப்பும் சேர்ந்தன. அத்தகைய நிறுவனத்துக்கும் சோதனை வராமலில்லை. 2018ஆம் ஆண்டில் தாபோங் ஹாஜியின் கணக்கில் பற்றாக்குறை தெரிய வந்து, அரசு தலையிட்டுச் சீரமைக்க வேண்டியதாயிற்று. கணக்கு வெளிப்படையாக இருந்ததால் நோய் தெரிந்தது. தெரிந்ததால் மருந்தும் கிடைத்தது.

நம் இந்தியாவில் வட்டியில்லா வங்கி முறையைப் பரிசீலிக்குமாறு ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. ஆயினும் அதை மேற்கொண்டு நடத்துவதில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி முடிவு செய்தது. அதனால் மார்க்க முறைப்படியான வங்கி நமக்கு வாய்க்கவில்லை. எனினும், மது, சூது, வட்டித் தொழில் போன்றவற்றை விலக்கி, கடன் சுமை மிகுந்த நிறுவனங்களையும் தவிர்த்துப் பங்குகளைத் தெரிந்தெடுக்கும் முறை வந்துவிட்டது. மும்பைப் பங்குச் சந்தை 2010 டிசம்பரில் 50 நிறுவனங்களைக் கொண்ட ஷரீஅத் குறியீடு ஒன்றைத் தொடங்கியது. இதிலும் விலை ஏறும், இறங்கும். ஒரு சிறு பகுதி வட்டி கலந்திருந்தால் அதைக் கணக்கிட்டு, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆலிம்கள் கூறுகின்றனர். பங்கு வாங்குவது பங்காளியாவதற்கு. காலையில் வாங்கி மாலையில் விற்றுப் பந்தயம் கட்டுவதற்கன்று.

நம் ஊர்கள் பலவற்றில் ஜமாஅத் பைத்துல்மால்கள் நகையை ஈடாகப் பெற்று வட்டியில்லாக் கடன் தந்து வருகின்றன. வட்டிக் கடையிலிருந்து ஒரு குடும்பத்தை மீட்கும் அரும்பணி இது. இல்லாத மஹல்லாக்களில் இது தொடங்கப்பட வேண்டும்.

குடும்பத்தில் பேச வேண்டியவை

பணத்தை எங்கேனும் ஒப்படைக்கும் முன், வீட்டார் அமர்ந்து இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம்.

1. இது எந்த வகைக் கொடுக்கல் வாங்கல்? அமானிதமா, கடனா, கூட்டா? ஸுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் அமானிதம் வைக்க வந்தால், அது தொலைந்துவிடுமோ என்று அஞ்சி, கடனாகவே இருக்கட்டும் என்று தெளிவாகப் பேசிப் பெற்றுக்கொள்வார்கள். அவர்கள் ஷஹீதான பிறகு 22 லட்சம் திர்ஹம் கடனை அவர்களுடைய மைந்தர் தீர்த்து வைத்தார்கள்.

2. எழுத்தில் உள்ளதா? கடன் பரிமாற்றத்தை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் விரிவாகக் கட்டளையிடும் வசனம் (2:282) திருமறையிலேயே மிக நீண்ட வசனமாகும். உறவினரிடம் எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று கருதுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

3. இலாபம் விகிதமா, தொகையா? நட்டம் யாருடையது?

4. தொழிலைக் கண்ணால் பார்த்தோமா? கணக்கைக் காட்டுவார்களா? அரசின் சட்டப்படி பதிவும் அனுமதியும் உண்டா? 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது முன்னோர் வாக்கு.

5. போனால் தாங்குவோமா? மருத்துவம், படிப்பு, வயதான காலம் ஆகியவற்றுக்கு வேண்டியதை ஒதுக்கிய பின் மிஞ்சியதைத்தான் தொழிலில் இறக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதும் அறிவுடைமையன்று.

6. இது யாருடைய பொருள்? மனைவியின் மஹரும் நகையும் அவளுடைய சொத்து. அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்ததை மட்டுமே கணவன் உண்ணலாம் (4:4). தொழிலுக்கு என்று நகையை வாங்கும்போது, அன்பளிப்பா, கடனா, கூட்டா என்று அன்றே சொல்லிவிட வேண்டும். 20 பவுனைக் கடனாகப் பெற்றவர் 20 பவுனையே திருப்பித் தரக் கடமைப்பட்டவர். பல ஆண்டு கழித்து, 'அன்றைய விலைக்குப் பணம் தருகின்றேன்' என்பது அவளுக்குச் செய்யும் அநீதி. கூட்டு என்றால் அவளுக்கு இலாபத்தில் பங்கு உண்டு. கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. அவள் கேட்கவில்லை என்பதால் அந்த உரிமை போய்விடாது.

இந்த ஆறு கேள்விகளுக்கும் நேரான பதில் கிடைத்தால் துணிந்து முதலிடலாம். கிடைக்காவிட்டால், பணம் இரண்டு மாதம் சும்மா கிடந்தாலும் பாதகமில்லை.

தங்கத்தை விட்டுவிடுங்கள் என்றோ, தொழிலில் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள் என்றோ நாம் சொல்லவில்லை. அளவோடு தங்கமும் இருக்கட்டும். ஊரில் ஒரு நேர்மையான இளைஞர் கடை வைக்க முதல் தேடி நிற்கும்போது, நான்கு குடும்பங்கள் எழுத்து மூலம் கூட்டுச் சேர்ந்து அவருக்குக் கைகொடுக்கவும் செய்யட்டும். அங்கே இலாபம் வந்தாலும் பங்கு, நட்டம் வந்தாலும் பங்கு. அதில்தான் பரக்கத்தை எதிர்பார்க்க முடியும். வட்டியை விட்டு விலகுவது நம் கடமையின் முதற்பாதி. விலகிய பணத்தை அறிவோடும் நீதியோடும் உழைக்க வைப்பது மறுபாதி.

வல்ல அல்லாஹ், நம் பொருளைத் தூய வழியில் ஈட்டவும், தூய இடத்தில் வைக்கவும், தூய முறையில் செலவிடவும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் நல்லருள் புரிவானாக! ஏமாற்றப்பட்டுத் தவிக்கும் சகோதர சகோதரிகளுக்கு அவர்களுடைய உரிமை திரும்பக் கிடைக்கச் செய்வானாக! ஆமீன்.